அடிக்கல் விளையும் பூமி

வன்னியில் பெரும்போகம் பொய்க்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லாமல் போகலாம். உழுந்தும் கச்சானும் கைவிடலாம். ஒரே ஒரு விளைச்சல் மட்டும் எந்த வருடமும் பொய்த்ததில்லை. அடிக்கல். அதற்கு மழை வேண்டாம், பசளை வேண்டாம், மானியம் வேண்டாம். ஓர் அமைச்சர், ஒரு மேசன் கரண்டி, நாலு கமரா போதும்.

2009இல் சண்டை முடிந்த கையோடு எங்களுக்கு ‘வடக்கின் வசந்தம்’ தந்தார்கள். பெயர் வைத்தவர் பருவகாலம் தெரிந்த ஆளாக இருந்திருக்க வேண்டும். வசந்தத்துக்குப் பிறகு கோடை வரும் என்பதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கோடைதான்.

கோடைச் செய்திகளில் முதலாவது தண்ணீர்ப் பவுசர். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, கிணறு சேறு காட்டியதும் ஊர் பவுசரைப் பார்த்திருக்கும். அது எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒழுங்கையின் முகப்பில் குடம், வாளி, எண்ணெய்ப் பரல், மூடி தொலைந்த கான் எல்லாம் வரிசையில் நிற்கும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடு முழுவதும் படித்த பாடத்தை நாங்கள் எப்போதோ படித்து முடித்துவிட்டோம். ஆள் வெயிலில் நிற்கத் தேவையில்லை, கலன் நின்றால் போதும். அந்தக் கலன்களுக்குக் காவலாகப் பூவரச நிழலில் குந்தியிருக்கும் கிழவியிடம் பவுசர் எப்போது வரும் என்று கேளுங்கள்.

“வாற கிழமை எண்டவை, தம்பி. போன கிழமையும் அப்பிடித்தான் சொன்னவை.”

பவுசர் இருக்கிற பிரதேச சபையில் சாரதி இல்லை. சாரதி இருக்கிற சபையில் டீசலுக்குக் காசு இல்லை. இரண்டும் இருக்கிற அந்த ஒரு நாளில் பவுசர் வேறு வேலையாகப் போய்விடும். அமைச்சர் அடிக்கல் நட வருகிறார், கிரவல் வீதிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளை வேட்டியில் புழுதி படலாமா?

இனி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். கோடையின் கொடுமையை அறிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும், மண்டபம் அவ்வளவு குளிர். ஒவ்வொருவர் முன்னாலும் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் ஒரு ரோல்ஸ், ஒரு பற்றிஸ், ரிஷ்யூ சுற்றிய கிளாஸ். நிகழ்ச்சி நிரலில் குடிநீர்த் தட்டுப்பாடு என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு வரும்போது பாதிப் போத்தல் திறந்தபடி, பாதி குடித்தபடி. “கவனத்தில் எடுக்கப்படும்” என்பார் ஒருவர். “உரிய தரப்புக்கு அறிவுறுத்தல் வழங்கப்படும்” என்பார் இன்னொருவர். இரண்டு அரசியல்வாதிகள் எழும்பி, நீ யார், நான் யார் என்று மோதுவார்கள். அந்த மோதல் பேஸ்புக்கில் நேரலையாகப் போகும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதயம் இதயமாக வந்து விழும். ஒழுங்கை முகப்பில் கான் நிற்கும்.

இந்த ஊரில் ஒரு குளம் உடைப்பெடுத்தால் முதலில் மண்மூடை தேடக் கூடாது. குளம் யாருடையது என்று தேட வேண்டும். மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடிகிற ஆற்றில் கட்டியதென்றால் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். ஆறு மாகாணம் தாண்டினால் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். குளத்தின் பின்னால் நிற்கிற காடு வனவளத் திணைக்களத்துக்கு. அந்தக் காட்டிலிருந்து இறங்கி வந்து உங்கள் வாழைத் தோட்டத்தைத் தின்றுவிட்டுப் போகிற யானை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. கரையில் பழைய செங்கல் ஒன்று தட்டுப்பட்டால் கதை முடிந்தது. தொல்பொருள் திணைக்களம் வந்துவிடும். அது வந்தபிறகு மற்றவர்கள் போகலாம், நாங்களும் போக வேண்டியதுதான்.

வீதியும் அப்படியே. ஏ9 ஒருவருக்கு, மாகாண வீதி இன்னொருவருக்கு, உள் ஒழுங்கை பிரதேச சபைக்கு. பள்ளம் மட்டும் பாகுபாடு பார்க்காமல் மூன்றிலும் விழுகிறது.

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். வன்னியின் பெரிய சொத்து. நீர்மட்டத்தை 36 அடிக்கு உயர்த்திப் புனரமைத்து, 2018 டிசம்பர் 7இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து விழாவாகத் திறந்துவைத்தார். சரியாக இரண்டு வாரத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன. வான்கதவுகளை நேரத்துக்குத் திறக்கவில்லை என்று சனம் கத்தியது. விசாரணை வந்தது. எங்கள் பகுதியில் வெள்ளம் வடிய நாலு நாள் எடுக்கும். விசாரணை வடிய எவ்வளவு காலம் எடுக்குமென்று நீங்களே அறிவீர்கள். திறப்பு விழாவுக்கு நேரம் குறிக்கச் சாத்திரியார் இருக்கிறார். கதவு திறக்க நேரம் குறிக்க ஆள் இல்லை.

தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா கூடாதா என்று வருடாவருடம் பெப்ரவரியில் ஒரு சண்டை வரும். ‘நிதி இல்லை’ என்ற கீதத்துக்கு அந்தத் தடை இல்லை. அதை மூன்று மொழியிலும் எழுந்து நின்று பாடுகிறார்கள்.

உள்ளூராட்சித் தேர்தலுக்கும் அதைத்தான் பாடினார்கள். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. வாக்களிப்பு மார்ச் 9 என்றார்கள். சனம் கட்டுப்பணம் கட்டி, சுவரொட்டி அடித்து, மச்சானோடு முகம் முறித்து வேட்புமனு கொடுத்தது. பிறகு ஏப்ரல் 25 என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆயிரம் கோடி ரூபா வேண்டுமாம், திறைசேரியில் இல்லையாம். ஆனால் அதே 2023 பெப்ரவரியில் 75ஆவது சுதந்திர தினத்துக்கு இருபது கோடி எங்கிருந்தோ வந்துவிட்டது. கொண்டாடாவிட்டால், சுதந்திர தினத்தைக்கூடக் கொண்டாட வக்கில்லாத நாடு என்று உலகம் சொல்லிவிடுமாம். வாக்குப்பெட்டி வாங்க வக்கில்லாத நாடு என்று சொன்னால் பரவாயில்லை. அதற்கு மேலே போய், ஒத்திவைப்பதற்குத் தேர்தல் என்று ஒன்றே இல்லை என்று பாராளுமன்றத்தில் சொன்னார் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. எழுபது வயது தாண்டியவரின் அரசியல் அனுபவம் வேறெதற்கு?

2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. தேர்தல் வந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபைகளில் உறுப்பினர் இல்லை, தவிசாளர் இல்லை. கதிரை வெறுமை. சனத்துக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. போன தவிசாளர்களுக்கு ஊர் கொடுத்த நற்சான்றிதழ் அதுதான்.

ஆனால் ஒன்றை இழந்தோம். ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போனது. செயலாளரை ஏசினால் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஏசியவர் மேல் கடமைக்கு இடையூறு என்று வழக்கும் வரலாம். தவிசாளர் அப்படியல்ல. மூன்றாம் வீட்டுக்காரர். கோயில் மடத்தில் அன்னதானச் சாப்பாட்டுக்கு வந்து பந்தியில் குந்தும்போது, “என்னண்ணை, லைற் எப்ப பத்தும்?” என்று நாலுபேர் முன்னால் கேட்கலாம். பருப்புக்கறி தொண்டையில் இறங்காமல் அந்த மனிசன் முழிப்பதைப் பார்க்கலாம். ஜனநாயகம் எங்களுக்குத் தந்த முழு அதிகாரமும் அவ்வளவுதான். அதையும் பிடுங்கி, காசில்லை என்றார்கள்.

வராத தேர்தலுக்கு இவ்வளவு சிக்கனம் பிடித்தவர்கள் வந்த தேர்தலுக்கு என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 2018இல் புதிய கலப்புமுறை. நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஏறியது. பவுசர் இரட்டிப்பாகவில்லை. கொடுப்பனவும் கதிரையும் இரட்டிப்பாயின. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபைகள் முளைத்தன. நேற்றுவரை துரோகி என்றவனோடு இன்று கைகுலுக்கினால்தான் தவிசாளர். வாக்குச் சமமாக விழுந்தால் திருவுளச்சீட்டு. உரிமைப் போராட்டம் நடத்திய மண்ணில் உள்ளூராட்சி கடைசியில் துண்டுக் கடதாசி குலுக்கலுக்கு வந்து நிற்கிறது.

மாகாண சபையின் கதை இதைவிட மோசம். 2013 செப்டெம்பர் 21இல் வடக்கு முதன்முறையாக வாக்களித்தது. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்கள்தான். தொகுதி எல்லை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக விழுந்த வாக்கு பூச்சியம், எதிராக 139. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையே எழும்பி இந்தக் கலியாணத்துக்கு நான் ஆட்சேபம் என்ற மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு அரசும் சொல்கிறது, எல்லை நிர்ணயச் சிக்கல் தீரட்டும், தேர்தல் வைப்போம் என்று. சிக்கலைப் போட்டவர்களிடமே நூலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

எல்லாப் பழியையும் கொழும்பில் போட்டுவிட்டுப் படுத்து நித்திரை கொள்ள எனக்கும் விருப்பம்தான். வவுனியா விடாது.

வவுனியாவில் 195 மில்லியன் ரூபாவுக்குப் புதிய பஸ் நிலையம் கட்டினார்கள். 2017 ஜனவரியில் மாலை, மேளம், நாடா, எல்லாம் முறைப்படி. திறந்த கையோடு பிணக்கு. இலங்கை போக்குவரத்துச் சபை அதற்குள் வர மறுத்தது. சபைக்கு 60, தனியாருக்கு 40 என்று ஒரே நேர அட்டவணையில் ஓடுவதா இல்லையா என்பது வழக்கு. அரச பஸ் பழைய நிலையத்தில், தனியார் பஸ் வேறிடத்தில், சனம் நடுவீதியில். 2018 புதுவருடத்தோடு பழைய நிலையத்தை மூடினார்கள். போக்குவரத்துச் சபை வடக்கு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பாடசாலை தொடங்குகிற ஜனவரி மாதம். பத்தொன்பதரைக் கோடி ரூபா. இவ்வளவு காசு கொட்டிக் கூரை போட்டார்கள், தூண் போட்டார்கள், மலசலகூடம் போட்டார்கள், பெயர்க்கல் போட்டார்கள். பஸ் நிலையம் கட்டும்போது அவர்கள் யோசிக்க மறந்த ஒரே விடயம் பஸ்.

இதைப் பார்த்து யாழ்ப்பாணம் பாடம் படித்திருக்கலாம். படித்தது. 2021 ஜனவரியில் நெடுந்தூரச் சேவைக்கென்று அங்கேயும் ஒரு நிலையம் திறந்தார்கள். அங்கேயும் போக்குவரத்துச் சபை உள்ளே போகவில்லை.

பஸ்ஸை விடுவோம், பூசணிக்காயைப் பார்ப்போம். வன்னி விவசாயி விளைவித்த மரக்கறி தம்புள்ளைக்கு லொறி ஏறிப் போய், தரகு கொடுத்து, கழிவு கொடுத்து, வேறொருவரின் மூடையில் திரும்பி வடக்குக்கே விலைக்கு வருகிறது. இதைத் தடுக்க வவுனியாவுக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் தருகிறோம் என்றது அரசு. நல்ல காரியம். 2016இல் வந்தது கேள்வி: ஓமந்தையா, தாண்டிக்குளமா? ஒருவர் ஓமந்தை என்றார், ஒருவர் தாண்டிக்குளம் என்றார். அறிக்கைக்கு அறிக்கை, கடிதத்துக்குக் கடிதம். பாராளுமன்ற உறுப்பினர், மாகாண சபை உறுப்பினர் எல்லோரிடமும் வாக்கெடுக்கும் நிலை வந்தது. இனப்பிரச்சினைத் தீர்வுக்கு இவ்வளவு மும்முரமாக நின்றிருந்தால் சமஷ்டி எப்போதோ கிடைத்திருக்கும். கடைசியில் இரண்டுமில்லாமல் மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழுந்தது. எழுந்து, பூட்டுப் போட்டது போட்டபடி ஆண்டுக்கணக்காக நின்றது. உள்ளே கடைத்தொகுதி, வெளியே பற்றை. ஒவ்வொரு அதிகாரி மாறும்போதும் விரைவில் திறக்கப்படும் என்று ஒரு செய்தி. பூசணிக்காய் தம்புள்ளைக்கே போனது. அதற்கு ஓமந்தையும் தெரியாது, தாண்டிக்குளமும் தெரியாது. அழுகுகிற பொருளுக்கு அரசியல் பார்க்க நேரமில்லை.

கட்டிவிட்டுத் திறக்க வருடங்கள் எடுப்பவர்கள், பறிப்பதென்றால் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதையும் பார்த்தோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி. வடக்கில் 5,940 ஏக்கர். பெரும்பகுதி யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும், மிச்சம் கிளிநொச்சியும் மன்னாரும். மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள், இல்லையேல் அது அரச காணி. மூன்று மாதம்! இங்கே ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுத்துப்பிழை திருத்த அதைவிடக் கூட நாள் எடுக்கும். சண்டைக் காலத்தில் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய சனம் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஓடியது. பை மிஞ்சிய வீட்டில் ஆள் மிஞ்சவில்லை. ஆள் மிஞ்சிய வீட்டில் பை மிஞ்சவில்லை. அவர்களைத்தான் ஆவணத்தோடு வரச் சொன்னார்கள். ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபிறகுதான் அரசு பின்வாங்கியது. மாற்றம் தருகிறோம் என்று வந்த அரசு. காணியின் சொந்தக்காரரைத்தான் மாற்றப் பார்த்தது என்று யாராவது சொன்னால் கோபிக்கிறார்கள்.

அந்த வர்த்தமானிக்கு இரண்டு வாரம் முன்னால் அதே அரசு இன்னொரு தேசிய கடமை செய்தது. மார்ச் 15, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, பயிரை அழிக்கிற குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் நாடு முழுவதும் எண்ணியது. கிராம அலுவலர் படிவம் கொடுத்தார். சனம் முற்றத்தில் நின்று மரத்தைப் பார்த்து எண்ணியது. ஐந்து நிமிடம். கணக்கு வந்துவிட்டது. குரங்கைப் பழிக்கவில்லை, எங்கள் தென்னையில் அது பண்ணுகிற அட்டகாசத்துக்கு எண்ணத்தான் வேண்டும். ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து தாய்மார் ஏ9 வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, எந்த இடத்தில் யாரிடம் கையளித்தோம் என்ற விபரம் இருக்கிறது. மரத்தில் தாவுகிற குரங்கை ஐந்து நிமிடத்தில் எண்ணிய அரசுக்கு, பெயரோடு கொடுத்த பட்டியலை எண்ணி முடிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

எண்ணாமல் விட்டாலும் மண் தானாகக் கணக்குக் காட்டுகிறது. 2023 ஜூன் 29, கொக்குத்தொடுவாய். தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு கிண்டினார்கள். எலும்பு வந்தது. உடுப்பு வந்தது. அகழ்வு தொடங்கியது, நின்றது, தொடங்கியது, மறுபடி நின்றது. ஏன்? நிதி இல்லை. 2024 ஜூலையில் முடியும்போது 52 பேர். வன்னிக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற திட்டம் எங்கள் பிள்ளைகளின் மேலால்தான் போக வேண்டியிருக்கிறது. அதைக் கிண்டிப் பார்க்கவும் காசில்லை என்றார்கள். இங்கே நகைச்சுவை எழுத எனக்கு வரவில்லை. அடுத்த விடயத்துக்குப் போகிறேன்.

நியாயமும் பேச வேண்டும். 2025 செப்டெம்பர் 2இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முல்லைத்தீவுக்கு வந்து வட்டுவாகல் பாலத்தின் வேலையைத் தொடக்கிவைத்தார். 2009 மே மாதத்தில் சனம் உயிரைக் கையில் பிடித்தபடி கடந்துவந்த பாலம். பதினாறு வருடமாக அதன் விளிம்பு ஒவ்வொன்றாகக் களப்புக்குள் கழன்று விழுந்துகொண்டிருந்தது. கடந்துபோன அமைச்சர்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்களின் வாகனத்துக் கண்ணாடி கறுப்பு. கல் நட்டாயிற்று. பாலம் வரட்டும். அன்றைக்குக் கைதட்டுவோம், அதற்கு ஒதுக்கீடு வேண்டாம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல். மாவட்டத்தின் அத்தனை திணைக்களமும் அதற்கு முன்கூட்டியே கூடிக் கதைக்கும். குடிதண்ணீர் யார், பஸ் யார், வைத்தியம் யார், பொலிஸ் எத்தனை பேர். அந்த ஒரு இரவுக்குத் தண்ணீர் வரும், பஸ்ஸும் வரும். செய்ய முடியும் என்பதை வருடத்தில் ஒரு முறை அம்மனுக்கு நிரூபித்துக் காட்டிவிட்டு மறுநாள் காலை மறந்துவிடுவார்கள். அங்கே விளக்கு கடல்நீரில் எரிகிறது. எங்கள் சந்தியில் மாற்றிப் போட்ட எல்.ஈ.டி. விளக்கு மின்சாரத்திலேயே எரிவதில்லை.

பொங்கலன்று தலைவர்கள், அதிகாரிகள், புதிதாகத் தெரிவான தவிசாளர்கள், தெரிவாகாமல் போனவர்கள் எல்லோரும் பட்டு வேட்டியோடு வந்து முன்வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். காளாஞ்சியும் முதலில் அவர்களுக்குத்தான். உள்ளே இருப்பவள் கண்ணகி. நீதி பிழைத்த அரசனிடம் விசாரணைக்குழு கேட்டு அவள் மனுக் கொடுக்கவில்லை. கவனத்தில் எடுக்கப்படும் என்ற பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மதுரையை எரித்துவிட்டுத்தான் இங்கே வந்து இளைப்பாறினாள் என்பது ஐதீகம். யாரைக் கும்பிடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அந்த முன்வரிசைக்காரர்கள் வாசலுக்குக் கிட்ட நின்றிருப்பார்கள்.